குடிக்காதவருடைய முறை

காலை ஐந்தரைக்கு டிப்போவில் பஸ் சாவி கொடுப்பதற்கு முன்னால் பலூன் கொடுப்பார்கள். ஊதவேண்டும். பலூனின் வாயில் விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். அதற்குள் மஞ்சள் நிறத்தில், சீனியைப் போல ஒரு மருந்து. ஊதுகிறவனின் மூச்சில் சாராயம் இருந்தால் மஞ்சள் பச்சையாகிவிடும். பச்சை ஊதியவன் சுக்கான் பிடிக்கக்கூடாது. கொழும்பிலிருந்து வந்த சுற்றறிக்கையில் அப்படித்தான் எழுதியிருந்தது.

எங்கேயோ மலைநாட்டில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்ததாம், சாரதி நல்ல வெறியாம், அதற்குப் பிறகு வந்த சட்டமாம். நல்ல சட்டம்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை. மின்விசிறிக்குக் கீழே இருந்து அதை எழுதிய மனிதருக்கு எங்கள் வடக்கு ரோட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அதே வருடம்தான் முகாம் ஓட்டமும் தொடங்கியது. யுத்தம் வடக்கு ரோட்டில் ஏறி உட்கார்ந்திருந்த காலம் அது. கதிரவெளிக்கு இப்பால் இருந்த ஒரு இராணுவ முகாமுக்குத் தினமும் காலையில் சாமான் லொறிகள் போகும். அவற்றோடு டிப்போவிலிருந்து ஒரு பஸ்ஸும் போகவேண்டும். லீவில் வருகிறவர்களை ஏற்றிவர என்று கடிதத்தில் இருந்தது. ஏற்றிவருவது உண்மைதான். ஆனால் போகும்போது பஸ் வெறுமையாகப் போகும், முன்னால் போகும், லொறிகள் இருநூறு யார் தூரம் தள்ளிப் பின்னால் வரும். ஏன் அப்படி என்று யாரும் விளக்கம் சொல்லவில்லை. மதகுகளுக்குக் கீழே என்ன புதைத்திருக்கும் என்று தெரிந்த ஊரில் விளக்கம் எதற்கு?

மாட்டேன் என்று சொல்லச் சாரதிக்கு வழியில்லை. சொன்னால் பெயர் முகாமுக்குப் போகும். பெயர் போன பிறகு ஆளும் போகவேண்டிவரும்.

பச்சைக்கு மட்டும் வழி இருந்தது. அதை முதலில் கண்டுபிடித்தவன் பாலசுந்தரம். கண்டுபிடித்தான் என்பதும் பெரிய வார்த்தை. ஒரு திங்கட்கிழமை அவன் உண்மையாகவே தலைகால் தெரியாத வெறியில் வந்து ஊதினான், பச்சையாகியது, டைம்கீப்பர் வினாயகமூர்த்தி அவனைத் திட்டி மூலையில் உட்காரவைத்துவிட்டு அடுத்தவருக்குச் சாவியைக் கொடுத்தார். பத்து மணிக்கு மறுபடி ஊதச்சொன்னார்கள். அதற்குள் தெளிந்திருந்தான். ஆள் பஞ்சமான டிப்போ, களுவாஞ்சிக்குடி பஸ்ஸைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதைக் கோப்பில் போட்டார்கள். விசாரிக்கக் கொழும்பிலிருந்து அந்த நாட்களில் யார் வரப்போகிறார்கள்?

வடக்கு ரோட்டுப் பட்டியலில் நான்கு சாரதிகள். அடுத்த வாரமே நல்லரத்தினமும் இளையதம்பியும் காலையில் ஒரு மிடறு போட்டுக்கொண்டு வரத் தொடங்கினார்கள். இளையதம்பிக்குச் சாராயம் பிடிக்கவே பிடிக்காது. மூக்கைப் பொத்திக்கொண்டு, விளக்கெண்ணெய் குடிக்கிற பிள்ளையைப்போலக் குடிப்பான். மிஞ்சியவர் நான்காவது ஆள், ஆரையம்பதிக் கனகசூரியம்.

கனகசூரியம் குடிப்பதில்லை. முன்பு குடித்தவர்தான், அதுவும் கொஞ்சநஞ்சமல்ல. மகளுக்கு ஏழு வயதில் அம்மாள் வருத்தம் வந்து, கண்ணுக்குள்ளும் கொப்புளம் போட்டு, பிள்ளை இனிக் கிடையாது என்று எல்லோரும் கைவிட்ட நாளில் கண்ணகை அம்மன் கோயில் வாசலில் விழுந்து கிடந்து நேர்ந்துகொண்டார். பிள்ளையைத் தா, இனி இந்த வாயில் அதைத் தொடமாட்டேன் என்று. பிள்ளை பிழைத்தது. அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம், கல்யாண வீடு, செத்த வீடு, எதிலும் அவர் வாயில் ஒரு சொட்டுப் படவில்லை. ஊரில் யாராவது பெண் புருஷனைத் திட்டும்போது கனகசூரியம் அண்ணனைப் பார் என்றுதான் சொல்வாள். அதைக் கேட்க அவருக்குப் பிடிக்கும். அந்தப் பெருமையில் பாலசுந்தரத்தைக் காணும்போதெல்லாம் புத்தி சொல்வார். விடு தம்பி, அதை விட்டுப்பார், உன் வீடு எப்படி மாறுது எண்டு பார். பாலசுந்தரம் தலையைச் சொறிந்து சிரிப்பான். நல்ல மனுஷன் அவன், கை மட்டும் போத்தலை விடாது.

தொடக்கத்தில் இதே பட்டியலில் ஐந்தாவது ஆளாக றவூப் என்றொரு சாரதி இருந்தார். அவரும் குடிக்காதவர். இருவரும் நாள் மாற்றி நாள் ஓடினார்கள். பிறகு அவர் சொந்தக்காரர் இருக்கிற பக்கம் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். போகும்போது கனகசூரியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு முறை என்று ஒன்று இல்லை, கனகசூரியம்தான்.

நான்கு மாதம் ஓடினார். கொண்டக்டர் இல்லாத பஸ், பின்னால் ஐம்பது வெறும் இருக்கைகள். கிரான் தாண்டி, வாழைச்சேனைப் பாலம் தாண்டி, பிறகு ஆளில்லாத ரோட்டு. எத்தனை மதகு என்று அவருக்குப் பாடம். ஒவ்வொரு மதகும் வரும்போது தன்னை அறியாமல் இருக்கையிலிருந்து உடம்பைத் தூக்குவார். இரண்டு கையும் சுக்கானை இறுக்கிப் பிடித்து, குண்டி இருக்கையில் படாமல், மூச்சை அடக்கிக்கொண்டு. அப்படித் தூக்கினால் வெடி தன்னை விட்டுவிடும் என்று நினைத்தார் போலிருக்கிறது. மனுஷனுக்கு வேறு என்ன இருக்கிறது செய்ய? மதகு தாண்டியதும் உட்காருவார். அடுத்த மதகு வரும்.

வைகாசி பிறந்து கொஞ்ச நாளில், அவர் தாண்டிப்போன மதகு ஒன்று பின்னால் வந்த லொறிக்கு வெடித்தது. கண்ணாடியில் பார்த்தார். லொறி இருந்த இடத்தில் மண்ணும் புகையும் எழுந்து நின்றன. அரை நிமிஷத்துக்கு முன்னால் அதே மண்ணின் மேல் அவர் உடம்பைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவருக்குச் சோறு பிசையக் கை வரவில்லை. மனைவி சீதேவிப்பிள்ளை பிசைந்து ஊட்டினாள். ஐம்பத்திரண்டு வயது மனுஷன் குழந்தையைப்போல வாயைத் திறந்தார்.

சீதேவிப்பிள்ளை அன்றிலிருந்து விடவில்லை. ஒரு நாளைக்கு ஒரு மிடறு, விழுங்கக்கூட வேண்டாம், வாயில் வைத்துத் துப்பினால் போதும் என்று கெஞ்சினாள். நேர்ந்தது அம்மாளுக்கு என்றார் அவர். அம்மாளுக்குத் தெரியாதா நிலைமை என்றாள் அவள். சண்டை பிடித்தாள், அழுதாள், இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். மகளுக்குச் சொல்லியனுப்பினாள். மகள் தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, நான் பிழைச்சதுக்காக நீங்க சாகப்போறீங்களா என்று கேட்டாள்.

ஊரில் அப்போது சடங்குக் காலம். வருடம் முழுவதும் மூடியே கிடக்கும் கண்ணகை அம்மன் கோயில் கதவு வைகாசியில்தான் திறக்கும். திறந்த நாளிலிருந்து குளிர்த்தி பாடிக் கதவு அடைக்கும் நாள்வரை ஊரில் மீன் மச்சம் இல்லை, சாராயம் இல்லை, வாய்ச்சண்டைகூட அடக்கமாகத்தான் நடக்கும். கனகசூரியம் மனைவியிடம் ஒரு தவணை கேட்டார். குளிர்த்தி முடியட்டும். கதவு அடைக்கட்டும். அம்மாள் உள்ளே போனபிறகு பார்ப்போம். கதவு அடைத்தால் அம்மாளுக்குக் கண் தெரியாதா என்று கேட்கலாம்தான். உயிருக்குப் பயந்த மனுஷனிடம் போய் யார் அதைக் கேட்பது?

குளிர்த்தி முடிந்தது. கதவு அடைத்தார்கள். மறுநாள் காலை நான்கரைக்குச் சீதேவிப்பிள்ளை கால் போத்தல் சாராயத்தை எங்கிருந்தோ எடுத்துவந்து வெள்ளி மூக்குப்பேணியில் ஊற்றி நீட்டினாள். அவள் தலையில் முழுகியிருந்தாள்.

“அம்மாளிட்ட நான் கேட்டிட்டன். பாவத்த என்ட பேரில எழுதச் சொல்லி இரிக்கன். குடிங்க.”

குடித்தார். துப்பத்தான் நினைத்தார். ஆனால் நாக்குப் பத்தொன்பது வருடத்தை மறக்கவில்லை, தானாகவே விழுங்கியது. தொண்டையிலிருந்து வயிறுவரை நெருப்பு இறங்கியது. இன்னொரு மிடறும் போனது. மிச்சத்தைச் சீதேவிப்பிள்ளை மூடிப் பையில் வைத்தாள், வழியில் வாடை போய்விட்டால் டிப்போ வாசலில் ஒரு முறை நனைத்துக்கொள்ளட்டும் என்று. அவர் சைக்கிளை எடுத்தார். காத்தான்குடி தாண்டிக் கல்லடிப் பாலத்தில் ஏறும்போது வாவி வெளுத்துக்கொண்டு வந்தது. பாலத்துச் சோதனைச் சாவடியில் நின்றவன் அவர் வாயருகே முகர்ந்துவிட்டுச் சிரித்தான். கனகசூரியத்துக்கு அழுகை வந்தது.

டிப்போவில் முதலில் நல்லரத்தினம் ஊதினான், பச்சை. இளையதம்பி ஊதினான், அதுவும் பச்சை. வினாயகமூர்த்தி சலிப்போடு மூன்றாவது குழாயைச் செருகி, சாவியை மற்றக் கையில் தயாராக வைத்துக்கொண்டு, கனகசூரியத்திடம் பலூனை நீட்டினார். அது ஒரு சடங்குக்கு. அவருடைய மஞ்சளை யாரும் பார்ப்பதுகூட இல்லை. முகாமிலிருந்து வந்தவன் ஒருவன் வாசலில் துவக்கோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கனகசூரியம் ஊதினார்.

வினாயகமூர்த்தி குழாயை வெளிச்சத்தில் பிடித்தார். உதறினார். மறுபடி பிடித்தார். பிறகு கனகசூரியத்தின் முகத்தைப் பார்த்து, புத்தகத்தில் பச்சை என்று எழுதினார். எழுதும்போது அவருடைய காது சிவந்திருந்தது.

மிச்சம் பாலசுந்தரம். அவனுக்கென்ன, அவன் வருடத்துக்கு முந்நூறு நாள் பச்சை ஊதுகிறவன். நான்கு பேரும் பச்சையானால் என்ன நடக்கும் என்று கனகசூரியம் யோசித்துவைத்திருந்தார். ஓட்டம் நிற்கும். ஒரு நாளாவது நிற்கும். முகாம்காரர் சத்தம் போடுவார்கள், கொழும்புச் சட்டத்தை வினாயகமூர்த்தி காட்டுவார், வேறு ஒழுங்கு செய்யவேண்டிவரும். இதில் யாரும் சாகவேண்டியதில்லை. இந்தக் கணக்கைப் போட்டுத்தான் அவர் வாயைத் திறந்திருந்தார்.

பாலசுந்தரம் கிணற்றடியிலிருந்து வந்தான். தலை ஈரம். நெற்றி நிறையத் திருநீறு. வலது மணிக்கட்டில் மஞ்சள் துண்டு கட்டிய புதுக் காப்பு நூல்.

கனகசூரியம் அந்த நூலையே பார்த்தார். ஆரையம்பதியில் கதவு அடைப்பதை நாள் எண்ணிக் காத்திருந்த மனுஷன், ஒவ்வொரு ஊர்க் கோயிலுக்கும் கதவு திறக்கிற நாள் வேறு என்பதை மறந்துபோனார். பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். பாலசுந்தரம் கிரான் பக்கத்து ஆள். அவனுடைய ஊரில் அம்மாளின் கதவு இன்றைக்குத்தான் திறக்கிறது. வருடம் முழுவதும் குடிக்கிற அந்த ஊர் ஆண்கள் இந்த ஒரு வாரம் மட்டும் சாராயம் இருக்கிற பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள்.

கனகசூரியம் அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பழைய டயர் அடுக்கின் பின்னால் போனார். பையைத் திறந்து போத்தலை எடுத்தார்.

“தம்பி, ஒரு மிடறு வாயில ஊத்திக் கொப்பளிச்சிட்டுத் துப்பு. விழுங்க வேணா.”

பாலசுந்தரம் போத்தலைப் பார்த்தான், அவருடைய வாயை முகர்ந்தான், அவனுக்கு விளங்கிவிட்டது. கோபப்படுவான் என்று எதிர்பார்த்தார். அவன் தலையைச் சொறிந்து சிரித்தான்.

“இண்டைக்கு எங்கட அம்மாள்ட கதவு திறக்கிற நாள், அண்ணன். ஏலா.”

“அம்மாள் பொறுத்துக்கொள்ளுவா. நான் கேக்கிறன். காலில விழுறன்.”

“நெடுகலும் நீங்கதானே போனீங்க. நாங்க குடிச்சிட்டுக் குந்தி இரிந்தம். ஒரு நாள் நான் போறன். பகலைக்குத் திரும்பி வந்து ஊருக்குப் போயிருவன்.”

அவன் போய் ஊதினான். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. அவன் ஊதி மஞ்சள் வந்ததை அந்த டிப்போ பார்த்ததே இல்லை என்று யாரோ பகிடி விட்டார்கள். வினாயகமூர்த்தி சாவியைக் கொடுத்தார். இப்போதாவது கனகசூரியம் முன்னால் போய், எனக்கு வெறி இல்லை, இரண்டு மிடறுதான், நான் ஓட்டுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. வாசலில் துவக்கோடு நின்றவனைப் பார்த்தார், புத்தகத்தில் எழுதியிருந்த பச்சையைப் பார்த்தார், சொல்லவில்லை. பஸ் வாசலைத் தாண்டி வடக்கே திரும்பியபோது அவருடைய நெஞ்சிலிருந்து ஒரு மூச்சு வெளியேறியது. நான்கு மாதத்துக்குப் பிறகு வந்த முழு மூச்சு. அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு எத்தனை தரம் யோசித்துப் பார்த்தாலும் அதை இல்லை என்று சொல்ல அவரால் முடியவில்லை. அந்த நேரத்தில் அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பத்து மணிக்கு ஊதினார், மஞ்சள். களுவாஞ்சிக்குடி பஸ்ஸைக் கொடுத்தார்கள். மீன் கூடைகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுமாய்ச் சனம் நிறைந்த பஸ். தன் வீட்டு ஒழுங்கையைத் தாண்டும்போது சீதேவிப்பிள்ளை வேலியோரம் நின்று கும்பிட்டதைக் கண்டார். போய்த் திரும்பி டிப்போவுக்குள் நுழைந்தபோது ஒருவரும் வேலை செய்துகொண்டிருக்கவில்லை. வினாயகமூர்த்தி புத்தகத்தை மூடி அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு இருந்தார். வாழைச்சேனைப் பாலம் தாண்டி ஏழாவது மதகு என்று மட்டும் சொன்னார்.

பின்னேரம் வினாயகமூர்த்தியும் கனகசூரியமும் ஒரு வானில் கிரான் போனார்கள். பெட்டியைத் திறக்கவில்லை. கதவு திறக்கிற நாளில் ஊருக்குள் சவம் கிடக்கக்கூடாது. பொழுது சாய்வதற்குள் அடக்கவேண்டும் என்று கோயில்காரர் அவசரப்படுத்தினார்கள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பறை இல்லை. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். காலையில் கோயில் சந்தியைத் தாண்டும்போது பாலசுந்தரம் நீளமாக ஹோர்ன் அடித்துவிட்டுப் போனானாம். வீட்டுக்காரிக்குக் கேட்கட்டும் என்று.

வீட்டுக்காரி சின்னத்தங்கம் கனகசூரியத்தைக் கண்டதும் எழுந்து வந்தாள். அவள் முகத்தில் அழுகையைவிட வேறொன்று முன்னால் நின்றது. முகாமிலிருந்து ஒரு கதை வந்திருக்கிறது, சாரதி வெறியில் ரோட்டை விட்டு ஓரத்தில் ஏற்றினான், அதனால்தான் வெடித்தது என்று. ஊரும் அதை நம்பத் தொடங்கியிருந்தது. அவனை யாருக்குத் தெரியாது? கதவு திறக்கிற நாளில் குடித்தான், அம்மாள் விடவில்லை என்று கிழவர்கள் சிலர் வேலியடியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணன், அவர் குடிக்கல்லதானே? நீங்க பாத்தீங்கதானே?”

“ஓம் புள்ள, குடிக்கல்ல. அவன் ஊதினது மஞ்சள். நான்தான் பச்சை. நான்தான் குடிச்சிட்டுப் போனன். இல்லாட்டி இண்டைக்கு நான்தான் போயிரிப்பன்.”

சொல்லிவிட்டார். அடி விழட்டும், மண்ணை வாரித் தூற்றட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஒன்றும் விழவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது சின்னத்தங்கம் அவரை இரக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க குடிக்கிற ஆளா, அண்ணன்? வீட்ட வந்தா அவருக்கு உங்கட கதைதான். எனக்காக உங்கட பேரக் கெடுக்காதீங்க.”

அவர் வினாயகமூர்த்தியைத் திரும்பிப் பார்த்தார். புத்தகத்தில் பச்சை என்று எழுதிய மனுஷன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சின்னத்தங்கம் குரலைத் தாழ்த்தி, வேலியடியில் நிற்கிற பெரியாக்களிடம் ஒரு வார்த்தை சொல்லும்படி கேட்டாள். குடிக்காத மனுஷன் சொன்னால் ஊர் நம்பும் என்றாள். வேறு யார் சொன்னாலும் நம்பாது என்றாள்.

அப்போதுதான் கனகசூரியத்துக்குத் தன் நிலைமை முழுதாக விளங்கியது. தான் குடித்ததை அவர் நிரூபித்தால், அவர் வார்த்தைக்கு மதிப்பில்லாமல் போகும், பாலசுந்தரம் வெறியில் செத்தவனாகவே மண்ணுக்குள் போவான். அவனைக் காப்பாற்ற வேண்டுமானால் தன் பொய்ப் பெயரைக் கட்டிக் காக்கவேண்டும். வேலியடிக்குப் போனார். கிழவர்கள் மரியாதையாக எழுந்தார்கள். பத்தொன்பது வருடமாய்ச் சாராயம் தொடாதவன் சொல்கிறேன், பாலசுந்தரம் இன்றைக்குக் குடிக்கவில்லை என்றார். அவர்கள் நம்பினார்கள். ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெட்டியைத் தூக்கினார்கள்.

மறுநாள் காலை சீதேவிப்பிள்ளை மூக்குப்பேணியை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அடுப்படியில் போய் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

டிப்போவில் நல்லரத்தினம் பச்சை ஊதினான், இளையதம்பி பச்சை ஊதினான். கனகசூரியம் ஊதினார். வினாயகமூர்த்தி குழாயைப் பார்க்காமலே சாவியை நீட்டினார். கிரான் சந்தியில் கோயில் கதவு இன்னும் திறக்கப்படாமல் கிடந்தது, அவ்வளவு அவசரப்படுத்தியும் செத்த வீட்டுத் துடக்குக்காக நாளைத் தள்ளிவைத்திருந்தார்கள். கனகசூரியம் அங்கே ஹோர்ன் அடிக்கவில்லை. பஸ் பாலத்தைத் தாண்டியது. முதல் மதகு வந்தது, இரண்டாவது வந்தது, ஏழாவது இருந்த இடத்தில் புதிதாக மண் கொட்டியிருந்தது. அன்றைக்கு எந்த மதகிலும் அவர் உடம்பைத் தூக்கவில்லை.